கடைசியாகப் பார்த்தவன்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பாடசாலை மைதானத்தில் பந்தல் போட்டு ஹெலிகொப்டர்காரர்கள் நால்வருக்குப் பாராட்டு விழா. மண்சரிவில் மலை விளிம்பில் மாட்டிக்கொண்டவர்களில் பதினொரு பேரைக் கயிறு விட்டுத் தூக்கியவர்கள். உயிரைப் பணயம் வைத்தவர்கள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் பேசியவர்களைக் கேட்டால், கயிற்றில் தொங்கியதே அந்தப் பேச்சாளர்கள்தானோ என்று தோன்றும்.

பதினோராவதாகத் தூக்கப்பட்டவள் நாகலெட்சுமி. பன்னிரண்டாவதாக வரவேண்டியவன் அவள் புருஷன் அழகுமுத்து. ஒரு தடவைக்கு ஒருவர்தான் என்றதும் அவளை முன்னால் தள்ளிவிட்டான். மூடுபனி இறங்கியது. ஹெலிகொப்டர் சுற்றி மறுபடி வருவதற்குள் அந்த விளிம்பே இல்லை. ஆளும் கிடைக்கவில்லை. மூன்று மாதமாகிறது, கருமாதி வை என்று சொல்லாதவர்கள் இல்லை. அவள் பிடிகொடுக்கவில்லை.

கயிற்றில் ஏறும்போது பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. கடைசியாக அவன் என்ன சொன்னான் என்பது, கயிற்றில் இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிய லஹிரு என்ற சிங்களச் சிப்பாய்க்கு மட்டுமே தெரியும். அவனுக்குப் பொன்னாடை போர்த்த இவளைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சி, போத்திட்டு சட்டுன்னு எறங்கிருங்க. அழுதுகிழுது வச்சிராதீங்க, வந்திருக்கிறது பெரிய ஆளுங்க" என்றார் தோட்டத் தலைவர் சோலைமலை.

போர்த்தினாள். இறங்கவில்லை. அவளுடைய சிங்களம் கடையில் பருப்பு வாங்கப் போதுமானது. அதை வைத்துக்கொண்டே, ஐயா என்பதற்கு மாத்தயா போட்டுக் கேட்டுவிட்டாள்.

"மாத்தயா, எங்க வீட்டுக்காரரு கடைசியா என்னா சொன்னாரு?"

லஹிரு அவள் முகத்தைப் பார்க்காமல் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தான். ஹெலிகொப்டர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்றான். அவர் தன் தோளில் இரண்டு முறை தட்டியதாகச் சொன்னான்.

"சீக்கிரம் திரும்பி வா என்றுதான் நினைத்தேன், அக்கா. நான் வரப் பிந்திவிட்டேன்."

அழகுமுத்து கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவன். கடைசிச் சாக்கு ஏறியதும் லொறியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவார். எல்லாம் ஏற்றியாச்சு, இனி ஏற்ற ஒன்றுமில்லை, போகலாம். தோட்டத்தில் அது தெரியாதவர்கள் இல்லை, இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருத்தன் நிற்கிறேன் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டானே, பாவி.

"வரச் சொல்லல மாத்தயா. போகச் சொல்லியிருக்காரு."

அவன் கண் நிறைந்துவிட்டது. ஒலிபெருக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டது. சோலைமலை கீழேயிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தோளையே பார்த்தாள். புருஷன் கை கடைசியாகப் பட்ட இடம். அவளுக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாத பொறாமை.

"எப்புடித் தட்டுனாரு?" தன் தோளைக் காட்டினாள். "தட்டிக் காட்டுங்க."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. லஹிரு தயங்கி, விரல் நுனியால் மெல்லத் தட்டினான்.

"இல்ல. அவரு கை இப்புடிப் பட்டும் படாம விழாது."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான், இரண்டு முறை. இம்முறை வலித்தது. இன்னொரு தரம் என்று கேட்க நாகலெட்சுமிக்கு வாய் வரவில்லை. இறங்கவும் கால் வரவில்லை.