ஒட்டாத எட்டணா

காந்தா சினிமா கொட்டகையில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவள். எழுபத்திரண்டாம் வருஷம் காஞ்சிபுரத்தில் செல்லாத எட்டணாக்கள் சகஜமாக உலவின. ஈயத்தில் வார்த்து மேலே பளபளப்பு ஏற்றிய காசுகள். கவுண்டர் என்பது சுவரில் ஒரு கை நுழையும் ஓட்டை. அதற்குள் ஒரே சமயத்தில் நாலு கைகள் நுழையும். அந்த நெருக்கடியில் எந்தக் காசு எப்படிப்பட்டது என்று எங்கே பார்ப்பது? சந்தேகம் வந்தால் கடித்துப் பார்ப்பாள். அவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஈயமாக இருந்தால் இரண்டு பல்லும் தனித்தனியாகப் பதியும். அதற்குள் காசு கொடுத்தவள் உள்ளே போய் உட்கார்ந்திருப்பாள்.

முதலாளி கண்ணாயிரம் அந்தக் காசுகளைப் பொறுக்கி, போலீசில் ஒப்படைப்பதாகச் சொல்லித் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார். தொகையைக் காந்தாவின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். மூன்று மாதத்தில் பதினோரு ரூபாய் போயிருந்தது.

படம் ஓட்டும் அந்தோணிக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தான். நல்ல எட்டணா நிக்கல், பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், ஈயம் அசையாது என்றான். அப்படியே நடந்தது. முதல் நாளே ஏழு பேரைத் திருப்பி அனுப்பினாள். சோடாக்கடை கலீமுல்லா தன் கல்லாப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து சோதித்துப் போனார். காந்தம் காந்தா என்று ஊர் கூப்பிடத் தொடங்கியது. பத்து நாளில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் போகும்போதும் காந்தம் இடுப்பில் இருந்தது.

அமாவாசை வந்தது. தறிகளுக்கு லீவு, பகல் ஆட்டத்துக்குப் பெண்கள் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முதலில் நின்றவள் கங்கையம்மாள். மகளுக்கு ஆண்குழந்தை பிறந்த சந்தோஷத்தில் தெருப் பெண்களையெல்லாம் தன் செலவில் படத்துக்கு அழைத்து வந்திருந்தாள். இருபது எட்டணாக்களை ஓட்டைக்குள் தள்ளினாள். எல்லாம் புத்தம்புதியவை. காந்தா காந்தத்தை மேலே காட்டினாள். ஒன்றுகூட அசையவில்லை.

"ஒண்ணும் ஒட்டலம்மா. இருபதும் செல்லாது."

கங்கையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நேத்து பேங்குல நோட்டு குட்து வாங்கினு வந்தேன்மா. அப்போ பேங்குதான் செல்லாது."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அது பின்னால் நின்றவர்களுக்குப் பரவுவதற்குள், பேங்கே கள்ளக்காசு அடிக்கிறதாம் என்று செய்தி மாறிவிட்டது. காந்தாவுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஏழு பேரைப் பிடித்தவளுக்கு ஒரு பேங்கைப் பிடிக்கக் கசக்குமா? கவுண்டரை அடைத்துவிட்டு இறங்கினாள். முதலாளி ஆண்கள் கவுண்டரிலிருந்து கத்தியது காதில் விழவில்லை. காந்தத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, அறுபது பெண்கள் பின்னால் நடந்தார்கள். வழியில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பேங்க் மேனேஜர் ராஜகோபால் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார். காந்தா விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகச் சிரித்து, முத்திரை உடைக்காத ஒரு எட்டணா மூட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்தார். காந்தத்தை உள்ளேயே விட்டுத் துழாவினார். வெறுங்காந்தம் வெளியே வந்தது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

பிறகு அவருக்கு என்னவோ ஞாபகம் வந்தது. ஃபைலைப் புரட்டி ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். புது எட்டணாவில் செம்பும் நிக்கலும் கலந்திருக்கிறதாம், காந்தம் இழுக்காதாம். இதை முன்பே படித்திருக்க வேண்டியவர் தாம்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

காந்தாவுக்கு முகம் தொங்கிப்போனது. "அப்போ இனிமே எதை வெச்சு சார் கண்டுபுடிக்கறது?"

தரையில் போட்டுப் பாரம்மா, நல்ல காசு பாடும் என்றார் அவர். அவள் ஒரு புதுக்காசைக் கடப்பைக்கல் தரையில் போட்டாள். கணீரென்றது. கங்கையம்மாளும் ஒன்று போட்டாள். அவ்வளவுதான், அறுபது பேரும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசுகளைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பேங்க் முழுக்கக் காசுகள் கணீர் கணீரென்று குதித்து உருண்டன. கடைநிலை ஊழியர் மேஜைக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கிக் கொடுத்தார். மேனேஜரும் உற்சாகமாகித் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு எட்டணாவைப் போட்டார்.

தொப்பென்றது.

எல்லோரும் நிறுத்தினார்கள். காந்தா அந்தக் காசை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு பள்ளம், நடுவில் இடைவெளி. மெல்ல வாயில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"இது என் பல்லு சார்" என்றாள். "எங்க வாங்குனீங்க?"

மேனேஜர் சற்றுத் தயங்கி, நேற்றுச் சாயங்காலம் படம் பார்க்க வந்ததாகவும், ஆண்கள் கவுண்டரில் மீதிச் சில்லறையாகக் கொடுத்ததாகவும் சொன்னார். ஆண்கள் கவுண்டரில் தினமும் உட்காருபவர் கண்ணாயிரம் ஒருவர்தான். அவள் சம்பளத்தில் பிடித்தது போக, அதே காசுகளை ஆண்கள் பக்கம் தள்ளிக்கொண்டும் இருந்திருக்கிறார். காந்தாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேங்க் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்த ஊர்வலத்தில் மேனேஜரும் இருந்தார். கண்ணாயிரம் முதலில் எல்லாக் காசையும் போலீசில் கொடுத்துவிட்டதாகத்தான் சொன்னார். மேனேஜர் பல் பதிந்த காசை அவர் முன்னால் வைத்தார். கங்கையம்மாள் டிராயரைத் திறந்து காட்டச் சொன்னாள். பதினோரு ரூபாய்க்கு இருபத்திரண்டு செல்லாக்காசு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தும் ஒரு சீப்பும்தான் இருந்தன. கண்ணாயிரம் மடியை அவிழ்த்தார். நல்ல நோட்டாகப் பதினோரு ரூபாயை எண்ணிக் கொடுத்து, இனிமேல் செல்லாதது வந்தால் அது கொட்டகைக் கணக்கு என்று அறுபது பேர் கேட்கச் சொன்னார்.

உள்ளே ஆண்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதம். காந்தா கவுண்டருக்குள் நுழையப் போனாள். கங்கையம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீ வாம்மா. அவரே கிழிச்சு குடுக்கட்டும்."

இரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் அன்றுதான் ஒரு படத்தை முதலிலிருந்து பார்த்தாள். மணல் தரையில் அந்தப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கதாநாயகியின் தாய் தொப்பென்று விழுந்து செத்துப்போகும் இடத்தில் அவளுக்குத் திடீரென்று மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது, அடுத்தவளுக்கும் தொற்றியது. பெண்கள் பகுதி முழுக்கக் குலுங்கியது. எதற்கு இந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று ஆண்கள் எழுந்து நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.