நடுப்பிடி

"மல்லாந்து படுத்துக்கிட்டு எப்படிம்மா ஜெயிப்ப?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். அண்ணன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு வீட்டை விட்டு நான் போகும் ஒரே இடம், தரையில் கட்டிப் புரண்டு பிடி போடும் ஜியு-ஜிட்சு வகுப்புதான். வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார்.

இன்று வந்தார். பெயின்ட் அடிக்கும் வேலையிலிருந்து நேராக, காது மடலில் வெள்ளைப் புள்ளிகளோடு. விரிப்பை மிதிக்காமல் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு எதிராளி, வகுப்பில் கூடப் பயிலும் நர்ஸ் அக்கா. "ஊசி போடுற கைடி, ஒடிச்சுத் தொலைக்காத" என்றபடி எதிரே மண்டியிட்டார். நான் மல்லாந்து, இரண்டு கால்களாலும் அவர் இடுப்பைப் பூட்டினேன். கீழே கிடப்பவர் போடும் கார்டு என்ற காப்புப் பிடி இதுதான். இங்கிருந்து நேரே கையை மடக்கப் போனால் எதிராளி உருவிக்கொண்டு போய்விடுவார். நடுவில் ஒரு பிடி வேண்டும். கால்களை அவர் முதுகின் மேல் தோள்வரை ஏற்றி, தலையை என் மார்போடு இறுக்கி, நிமிர விடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். தவித்துத் தவித்து அவர் ஒரு கையைத் தனியாக நீட்டிய பிறகுதான் அடுத்தது. "புதுப் பிடி இறுகாம பழசை விடாத" என்று கோச் அக்கா கத்திக்கொண்டே இருப்பார். எனக்கு உருப்படியாக வருவது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

பிடி இறுகிவிட்டது. நர்ஸ் அக்காவின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. அப்போது கண் சுவரோரம் போனது. அங்கிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிவேன்? விரிந்த கால்கள், கட்டிப்பிடித்ததுபோல ஒரு கிடப்பு. காதெல்லாம் சூடாகிவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்தால் போதும் என்று கால்களைப் பிரித்து அவர் கைக்குத் தாவினேன். அதற்குள் அவர் உருவிக்கொண்டு, பக்கவாட்டில் வந்து என்னை அமுக்கிவிட்டார்.

"நீயே கதவைத் திறந்து விடுறியே, தூங்கிட்டியா?" என்றார் நர்ஸ் அக்கா.

தண்ணீர் குடிக்க ஒதுங்கினேன். அப்பா எழுந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணால அசையவே முடியலையேம்மா. ஏன் விட்ட? அங்க போய் இப்படி விட்டுடாத, என்ன?"

அங்க போய் என்றார். போட்டிக்குத்தான். தன் அணி தோற்றுவிட்டதுபோல அவர் முகத்தில் ஓர் அங்கலாய்ப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை.

கை வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "நீங்க பாத்துட்டு இருந்தீங்களேப்பா" என்று வாயில் வந்துவிட்டது.

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் கால்களை ஒட்டி வைத்து, மேலங்கியை இழுத்து விட்டுக்கொண்டேன். அதைப் பார்த்தார். அவர் கண்களைப் பற்றி நான் என்ன நினைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் அவருக்கு எட்டியது.

விரிப்பில் மற்றப் பெண்கள் உருண்டுகொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தபடியே வாசல்வரை நடந்து, செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.