பதினெட்டு இஞ்சிக் குழல்

"தோட்டா சின்னன், அதுதான் பிழைச்சுப்போச்சு," என்று சொல்லிக்கொண்டே ஜூலியஸ் அத்தான் மூன்றாம் முறையும் மான் இறைச்சிக்கறியை அள்ளிப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் என் அக்கா அன்ரனெற்றின் புருசன். டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. போன கிழமை அவரும் நானும் என் மனுசன் பஸ்ரியனும் பான்குறொஃப்ட் காட்டுப் பக்கம் மான் வேட்டைக்குப் போய் வந்திருந்தோம். அங்கே நடந்தது அக்காவுக்குத் தெரியாது.

அத்தானின் புதுத் துவக்கு ஆறரைக் கிறீட்மோர் என்ற தோட்டா போடுவது. தூரச் சூட்டுக்கு நல்ல தோட்டாதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டுக்குள் தூக்கிக் காவ லேசு என்று பதினெட்டு இஞ்சிக் குழலோடு வாங்கிவிட்டு, தோட்டாப் பெட்டியில் போட்டிருந்த வேகத்தை அப்படியே போனில் குறிக்கணக்குப் பார்க்கும் அப்பில் ஏற்றினார். அந்த வேகம் இருபத்திநாலு இஞ்சிக் குழலில் அளந்தது. குழல் குறுகினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால், தூரம் போகப் போகக் குண்டு இன்னும் பதிந்து விழும்.

"ரேஞ்சில ஒருக்கா சுட்டுப் பாருங்கோ அத்தான்," என்று போகமுதலே சொன்னேன்.

"செலீன், நீ கறியைக் கவனி. கணக்கை போன் பாக்கும்."

என்னிடம் இருப்பது பழைய த்ரீ-ஓ-எய்ட் துவக்கு. இருநூறு மீற்றருக்கு மேல் நான் சுடமாட்டேன். அதற்கு அவர் அடித்த நக்கல் கொஞ்சநஞ்சமல்ல.

நானூறு மீற்றரில் சுட்டார். நெஞ்சுக்கு வைத்த குறி கீழே இறங்கி முன்னங்காலை உடைத்தது. மான் விழுந்து எழும்பிப் பற்றைக்குள் போனது. "மிஸ்," என்றார். கால் தொங்கியதை நான் கண்ணால் கண்டேன். தேடுவோம் என்றால், குளிருது, இருட்டப்போகுது என்று வாகனத்துக்குள் ஏறி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மனுசனா இவர்?

நானும் பஸ்ரியனும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். பற்றைக்குள் அது மூன்று காலில் நின்றது. என்னைக் கண்டும் ஓடவில்லை, ஓட ஏலாது. கிட்டப் போய் நான்தான் சுட்டு முடித்தேன். சுட்டுவிட்டு அழுதேன்.

அந்த இறைச்சியைத்தான் இப்போது சப்பிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் பெரிய தோட்டா போடுற மக்னம் ஒண்டு எடுக்கப்போறன். அறுநூறு மீற்றரிலயும் விழுத்தலாம்."

அடுத்த வருசமும் ஒரு மான் அப்படி நிற்கும். அதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு கொதித்தது. எழும்பி என் பையிலிருந்ததை எடுத்துவந்து அவர் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். இறைச்சி வெட்டும்போது கழுவி எடுத்துவைத்த முன்னங்கால் எலும்பு. இவர் இப்படித்தான் கதைப்பார் என்று தெரிந்தே கொண்டுவந்திருந்தேன். முறிந்த இடம் சிம்பு சிம்பாகக் கிடந்தது.

"உது தோட்டாவின்ர பிழையில்லை அத்தான். உது உங்கட சூடு."

பஸ்ரியன் தலை குனிந்துகொண்டான். சும்மா இரு என்று முழங்கையால் என்னை இடித்த அக்கா, எலும்பைக் கண்டதும் நிறுத்தினாள்.

"இந்தக் காலோடயோ அது நடந்தது?"

"ஓம் அக்கா. இவர் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கேக்க நடந்தது."

அத்தான் எலும்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மக்னம் எண்டால் அந்த இடத்திலயே..." என்று தொடங்கினார்.

அக்கா அவருடைய கோப்பையைச் சோறு கறியோடு தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். எலும்பை அவருக்கு முன்னாலேயே விட்டுவிட்டுப் போனாள்.