மழைக்குக் கிளிப்பச்சை

மழைக்காலத்தில் மீனுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதில் மீன்களைத் தவிர எல்லோருக்கும் தீர்மானமான கருத்து உண்டு. பரணிதரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. கேளம்பாக்கம் ஃபிளாட்டில் வீடியோ வீடியோவாகப் பார்த்து அவன் கண்ட உண்மை: கலங்கல் தண்ணீருக்குக் கிளிப்பச்சை லூர். லூர் என்றால் தூண்டில் முள் வைத்த பிளாஸ்டிக் மீன். அதை நம்பிக் கடிக்க மீனுக்குக் கொஞ்சம் முட்டாள்தனம் வேண்டும். வாங்குகிறவனுக்குச் சற்று அதிகமாக.

கோவளத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அவன் சிநேகிதன் அதீப், கறுப்புக் கட்சி.

"தண்ணி சேறா கீது மச்சான். கீழேர்ந்து பாக்கற மீனுக்குக் கறுப்புதான் நெழலாட்டம் தெரியும்."

"சயின்ஸ் தெரியாமப் பேசாத."

"இன்னா பெரிய சயின்ஸு? மீனு உன் வீடியோவப் பாத்துட்டா வருது?"

அத்தோடு பேச்சு நின்றது. மறு ஞாயிறு, கொட்டுகிற மழையில், கோவளம் முகத்துவாரத்தில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நல்ல இடத்தை விட்டுத்தர இருவருக்கும் மனமில்லை. நடுவே குடையும் பிளாஸ்க்குமாக, பரணிதரனின் மனைவி ஜெஸ்ஸி.

கிளிப்பச்சைக்கு ஒரு மீனும் மசியவில்லை. ஜெஸ்ஸி அதீப்புக்கு டீ கொண்டுபோன நேரம் பார்த்து, 'ஒப்பிட்டுப் பார்க்க' வாங்கியிருந்த கறுப்பு லூரைப் பரணிதரன் அவசரமாகக் கட்டி வீசினான். தூண்டில் ராடு வில்லாக வளைந்தது. கொடுவா! கையகல வாயைத் திறந்து துள்ளி விழுந்தது.

கரையேற்றக் கைவலை வேண்டும். அது அதீப்பிடம் இருந்தது. கூப்பிட்டால் கறுப்பு தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் மீன் போய்விடும். கொள்கைவாதி பரணிதரன் கொஞ்ச நேரம் தனியாகப் போராடினான். முழங்கால் சேற்றில் விழுந்ததும் கொள்கை தளர்ந்தது.

"மச்சான்! வலை!"

அதீப் ஓடிவந்து மீனை வாரினான். வாயில் கறுப்பு. பரணிதரனை ஒரு முறை பார்த்தான். அதற்குள் ஜெஸ்ஸி வந்துவிட்டாள்.

"எந்தக் கலர்ல மாட்டுச்சு?"

லூரைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்ட அதீப், "பச்சதான் ஜெஸ்ஸி. அவன் சொன்னதுதான் கரெக்ட்டு" என்றான்.

கேலி செய்திருந்தால் பரணிதரனிடம் பதில் தயாராக இருந்தது. இப்போது குனிந்து முழங்கால் சேற்றைக் கழுவத் தொடங்கினான்.

ஜெஸ்ஸி மீனைப் படமெடுத்துப் போட, மதியத்துக்குள் அவர்களுடைய தூண்டில்காரர் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கிளிப்பச்சையின் புகழ். அதீப்பும் ஒரு கைதட்டல் போட்டிருந்தான். அதுதான் தைத்தது. பரணிதரன் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினான்: 'மாட்டுனது கறுப்புல. அதீப் சொன்னதுதான் சரி.'

யாரும் ஒரு நொடிகூட அதிரவில்லை. 'அப்ப வெயிலடிச்சா எந்தக் கலர்?' என்று ஒருவர் கேட்டார்.

'வெள்ளி' என்றான் அதீப்.

தங்க நிறம்தான் என்று பரணிதரனுக்கு நிச்சயமாகத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீன் குழம்பை அதீப் வீட்டுக்குக் கொண்டுபோக டப்பாவில் ஊற்றத் தொடங்கினான்.