சாக்குக்கு மூன்று கிலோ

பசறையிலிருந்து புறப்பட்ட லொறியில் படகைப் பார்த்த யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பதுளை பஸ் நிலையத்தருகே ஒரு கொண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினான்.

"என்னண்ணே, துன்ஹிந்தை அருவியில விடப்போறீங்களா? மேலருந்தா, கீழருந்தா?"

லொறியின் பின்னால் படகுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த சுதர்ஷினி விடுவாளா? "மேலருந்துதான். நீயும் ஏறிக்கிறியா?"

பக்கத்தில் இருந்த நிஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாத்தனாரைப் போல வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், கதவுக்குப் பின்னாலிருக்கும் ஆணியில், அவள் கணவன் தயாபரனின் பை கட்டித் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கொழும்பு பஸ்சுக்கான பை. ஒன்பது வருஷமாக அவன் அங்கே மாடிக் கட்டடங்களுக்குப் பலகை அடிக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். நாலு நாள் இருப்பான். பிள்ளைகள் பழகத் தொடங்கும்போது கிளம்பிவிடுவான்.

தோட்டத்துக் கோயிலுக்கு அவன் செய்துகொடுத்த தேரைத் தற்செயலாகப் பார்த்த ஹோட்டல் முதலாளி ஷுக்ரிதான், மகியங்கனைப் பக்கம் குளக்கரையில் இருக்கும் தன் ஹோட்டலுக்கு இந்தப் படகைக் கேட்டார். தயாபரன் அதற்காக ஆறு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்தான். இருபத்தோரடி நீளம். ஆவியில் வளைத்த தேக்குப் பலகை, செப்பு ஆணி, எட்டுத் தடவை பூசிய வார்னிஷ். தேக்கும் பலாவும் மாறிமாறி வரும் சுக்கான் வளையம். விருந்தாளிகள் காலையில் ஏறி, நடுக்குளத்தில் குளித்து, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவதற்கான சொகுசுப் படகு. இஞ்சின் பின்பலகையில் வெளியே தொங்கும். அது கொழும்பிலிருந்து நேராகக் குளத்துக்கே வந்துவிடும்.

படகைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஷுக்ரி பேச்சை நீட்டாதவர். தச்சனை ஊர் வழக்கப்படி 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். "தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும் பாஸ். நின்னா இன்னும் ரெண்டு படகு உங்களுக்குத்தான். நிக்கல்லன்னா நான் நீர்கொழும்புப் படகுக்காரங்ககிட்டயே போயிடுவேன்."

குளக்கரையில் வெயில் நேராக அடித்தது. மலைக்காற்றில் வாழ்ந்த உடம்புகளுக்கு அது அடுப்பங்கரை போல இருந்தது. மெக்கானிக் ஜஸீல் வெள்ளை இஞ்சினைத் தூக்கி மாட்டினான். சுதர்ஷினி சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இதுக்குச் சில்லு எங்க இருக்கு அண்ணி?"

"உருளக்கட்டைக்கு அடியில வையி."

பழம் நசுங்கியது. படகு உருளையில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, ஒரு தடவை அசைந்து, மிதந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. லொறி டிரைவர் கைதட்டினான்.

பிறகு எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். முன்னால் கோடு இரண்டு விரல் அளவு தண்ணீருக்குள் போயிருந்தது. பின்னால் இரண்டு விரல் மேலே நின்றது.

"மூக்கால தண்ணி குடிக்குதே பாஸ்," என்றார் ஷுக்ரி.

தயாபரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூழ்கிய கோட்டை விரலால் அளந்து பார்த்தான்.  

"இஞ்சின் பாரம் நூத்திப்பத்து. பெட்டியிலயே அடிச்சிருக்கு," என்றான் ஜஸீல், தன் மேல் பழி வராதபடி.

"நானும் நூத்திப்பத்துக்குத்தான் வச்சேன்," என்றான் தயாபரன். "இஞ்சினுக்குப் பதிலா மணல் சாக்கு. பத்து சாக்கு, ஒவ்வொண்ணும் பதினொரு கிலோ. உருளைக்கு மேல படகு சமமா நிக்கிற வரைக்கும் பேட்டரிய முன்னால தள்ளித் தள்ளி இறுக்கினேன்."

பதினொரு கிலோ என்றதும் நிஷாந்தினி கோட்டை மறுபடி பார்த்தாள்.

சாக்குகளை நிரப்பியது அவள்தான். தோட்டத்து நிறுவை மடுவத்திலிருந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, பட்டறைக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தாள். முள் பதினாலில் நின்றது. சுதர்ஷினி பதினாலு என்றாள். "மூணு போக பதினொண்ணு," என்று தன் வாய் சொன்னது இப்போது தெளிவாகக் கேட்டது. பத்து சாக்குக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். கொழுந்து பறித்துப் பதினாறு வருஷம், நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் இலையில் ஒட்டிய தண்ணிக்கும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மூன்று கிலோ கழித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தராசைக் கண்டாலே வாய் தானாகக் கழித்துவிடுகிறது.

யாருக்கும் தெரியவராது. மணலைக் கொட்டியாகிவிட்டது. ஒரு நாரை வந்து படகின் நுனியில் உட்காரப் பார்த்து, வார்னிஷில் வழுக்கி, பறந்தது. தண்ணீர் கோட்டின் மேல் அமைதியாக நின்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

"எங்கயோ என் கைதான் தப்பியிருக்கு மொதலாளி," என்றான் தயாபரன்.

"உங்க கை இல்லங்க, என் வாய்," என்றாள் நிஷாந்தினி. "மொதலாளி, சாக்கு பதினொண்ணு இல்ல, பதினாலு. நான் மூணு மூணா கழிச்சிட்டேன்."

ஷுக்ரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் தங்கச்சி கழிச்சீங்க?"

"நிறுத்தா கழிக்கணுங்களே."

"மணலுக்குமா?"

சுதர்ஷினி முன்னால் வந்தாள். "முள்ளு பாத்தது நான்தாங்க. எனக்கும் அது தப்பாவே தோணல. பதினாலு கிலோ நிறுத்தா பதினொண்ணுதானேன்னு இருந்துட்டேன்."

ஜஸீல் விரல் விட்டு எண்ணினான். "பத்து சாக்கு, முப்பது கிலோ. பேட்டரி அதுக்கு ஏத்தமாதிரி முன்னால போயிட்டு, இப்ப பாரம் பத்தாம பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. நம்ம இஞ்சின் பட்டறையில நூத்திநாப்பதா இருந்திருக்கு!"

தயாபரன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. பதினாறு வருஷத்தை மூன்று மூன்றாகக் கூட்டிப் பார்க்கிறவனின் முகம்.

"நீ ஏறு. பின் பெஞ்சுல போய் உக்காரு," என்றான்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இதுவரை எந்த வாகனத்திலும் கண்டிராத அந்தத் தோல் மெத்தையில் போய் உட்கார்ந்தாள். படகின் மூக்கு மெல்ல எழும்பியது. முன்னால் வெள்ளைக் கோடு ஈரமாகப் பளபளத்து வெளியே வந்தது. தண்ணீர் அதன் ஓரத்தில் நூல் பிடித்தது போல நின்றது.

"அசையாதீங்க அண்ணி! மூச்சுகூட விடாதீங்க!"

ஷுக்ரி கரையில் குந்தி முன்னாலும் பின்னாலும் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "தங்கச்சி, உங்க எடை என்ன?"

"கழிச்சா, கழிக்காமயா?" என்று சுதர்ஷினி கேட்டாள்.

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். சிரித்து முடித்து, "பாஸ், பேட்டரிய பின்னால கொண்டு வாங்க. அடுத்த ரெண்டு படகுக்கும் ஜஸீல் வந்து நிறுப்பான்," என்றார்.

வெள்ளோட்டத்தில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஜஸீல் இஞ்சினை முடுக்கியதும் கரை பின்னால் ஓடியது. சுதர்ஷினி கூச்சலிட்டாள். நிஷாந்தினி ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பின் பெஞ்சிலேயே இருந்தாள். யாரும் அவளை மாறி உட்காரச் சொல்லவில்லை.

தயாபரன் படகின் நடுவில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, கொழும்பு மேற்பார்வையாளரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"வரல்லங்க! திங்கக்கிழமை வரல்ல! ... இல்லங்க, செவ்வாக்கிழமையும் வரல்ல!"