இரவல் மூக்கு

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று யார் சொன்னது? இந்த இருவரும் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஜிம் ஜிம்மாகத் துடைத்து வருகிறார்கள். தேய்ப்பது அண்ணி, முகர்ந்து பார்ப்பது நாத்தனார். அண்ணிக்கும் மூக்கு இருக்கிறது, எடுப்பாகவே இருக்கிறது. வாசனைதான் தெரியாது.

எல்லாம் பாழாய்ப்போன பிளீச்சால் வந்த வினை. வருஷக்கணக்காக பிளீச்சும் ஆசிடுமாகப் புழங்கியவள், ஒருநாள் ஜன்னலில்லாத குளியலறையில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். இருமி இருமி வெளியே வந்து விழுந்தாள். உயிர் தப்பியது, வாசனை போய்விட்டது.

"இனிமே அந்த மருந்துங்க பக்கமே போகாதீங்க. மூக்குக்கு ஓய்வு குடுத்தா திரும்பி வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

வராமலும் போகலாமாம்! சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன் பிறகு அடுப்பில் பால் தீய்ந்தாலும் அண்ணிக்குத் தெரிவதில்லை. எதைத் தின்றாலும் அட்டையைத் தின்பது போலிருந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள். நாத்தனார் அதைப் பார்த்தும் பாராதது போல இருப்பாள். அப்புறம் ஏதாவது கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பாள்.

அன்றிலிருந்து வினிகர், சமையல் சோடா, எலுமிச்சைத் தோல், சாதா சோப்பு. இவ்வளவுதான் அவர்கள் சரக்கு. முதலில் ஒரு வக்கீல் வீட்டு மாடியறை ஜிம். ஒரு சைக்கிள், ஒரு பெஞ்சு, ஊர்ப்பட்ட வியர்வை. அண்ணி அளவு தெரியாமல் வினிகரை ஊற்றிவிட்டாள்.

"அண்ணி, ஊறுகாய் ஜாடிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு!" என்று நாத்தனார் ஜன்னலைத் திறக்க ஓடினாள்.

போகப்போகக் கை பழகிவிட்டது. கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் வினிகர் கலந்த தண்ணீர். இரும்பு டம்பெல்லில் ஈரம் நின்றால் துருப்பிடிக்கும், அதனால் துடைத்த கையோடு உலர்ந்த துணி. ரப்பர் விரிப்புக்கு சோப்புத் தண்ணீர் மட்டும். பெஞ்சுத் தையலில் சோடாவைத் தூவி, ஊறவிட்டு, தட்டி எடுப்பார்கள். கடைசியில் நாத்தனார் குனிந்து முகர்ந்து "பாஸ்!" என்பாள். வக்கீல் சொல்லித்தான் ஒரு பெரிய ஜிம் கிடைத்தது. வேலை பிடித்திருந்தது, இருமல் நின்றது, கை வெடிப்பு ஆறியது. மூக்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை அந்த ஜிம் மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். மலை மாதிரி உடம்பு, பூனை மாதிரி குரல்.

"அக்கா, ரெண்டு நாளா டம்பெல் பக்கம் ஒரே நாத்தம். வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறாங்க. உங்க சோடா வேலைக்கு ஆகல. இன்னிக்குத் திறக்கறதுக்குள்ள போகலைன்னா பழையபடி பிளீச்தான். கோவிச்சுக்காதீங்க."

அண்ணிக்குப் பகீரென்றது. திரும்பவும் அந்தப் புகையா? ஓய்வு போச்சு, இருக்கிற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போச்சு.

"மோந்து பாருடி, எங்கேருந்து வருதுன்னு" என்று நாத்தனாரை இழுத்தாள்.

"ஹச்!" என்றாள் நாத்தனார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஜலதோஷம் அண்ணி. ஒண்ணுமே தெரியல."

"சரியாப் போச்சு! இன்னிக்குன்னு பார்த்து உனக்கும் அடைக்கணுமா?"

மூக்கில்லாத இரண்டு பேர் நாற்றத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். பெஞ்சுகளைப் புரட்டினார்கள். விரிப்புகளைச் சுருட்டினார்கள். டிரெட்மில்லுக்கு அடியில் கிடந்தது ஒற்றைச் சாக்ஸ்தான். நேரம் ஓடியது. அண்ணி டம்பெல் அலமாரியின் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டினாள். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள்.

யாரோ புரோட்டீன் பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு மறந்துபோன பாட்டில். வயிறு உப்பி, மூடியோரம் கசிந்து நின்றது.

மூடியைத் திருகினாள். புஸ்ஸென்றது.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் கோணியது.

"நாறுதுடி" என்றாள் மெதுவாக. பிறகு ஜிம்மே அதிர, "ஐயோ, நாறுதுடி!"

"நிஜமாவா? சும்மா தோணுதோ என்னவோ அண்ணி. எனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கே, நான் எப்படிச் சொல்றது?" நாத்தனார் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். "மாஸ்டர்! கொஞ்சம் இங்க வாங்க!"

மாஸ்டர் வந்தார், குனிந்தார், ஒரே ஒரு மூச்சு இழுத்தார். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். அங்கிருந்து வந்த ஓங்கரிப்புச் சத்தம் அண்ணியின் காதில் தேனாகப் பாய்ந்தது.

"இதுதான் அக்கா, இதேதான்! தூக்கிப் போடுங்க! பிளீச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று உள்ளிருந்தே கத்தினார்.

அண்ணி தூக்கிப் போடவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்ட, மறுபடியும் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். நாத்தனார் அவள் தோளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு அண்ணி? எனக்குத் தெரியலையே, சொல்லுங்க."

"சகிக்கலடி. புளிச்ச பால், அழுகின முட்டை..." அண்ணி கண்ணை மூடி இன்னும் ஆழமாக இழுத்தாள். "இரு, இரு. அடியில லேசா வெனிலா கூட வருது."