சிவப்பு முனை

ரோண்டா காகிதப் பையைக் கவிழ்த்ததும் தோட்டாக்கள் சமையலறை மேசையில் உருண்டன. அப்பாவின் ரைஃபிளோடு ஷெரிஃப் அலுவலகத்தார் கொடுத்தனுப்பியவை. எல்லாமே சிவப்பு முனை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

சாதாரண மானுக்கான தோட்டா. ஆனால் அப்பா ஆர்லோ மலைக்குப் போனது எல்க் என்னும் ராட்சத மானை வேட்டையாட. அனுமதிச் சீட்டும் அதற்கு மட்டும்தான் வாங்கியிருந்தார். குதிரை உயரம் நிற்கும் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் இந்த லேசான தோட்டா சிதறிவிடும். காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும் அது. ரோண்டாவின் கணவன் ஒருமுறை இதே தவறைச் செய்தபோது, பாதி மலை ஏறிய வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் ஆர்லோ.

அப்படிப்பட்டவர் எப்படி மாற்றி எடுத்துப் போனார்? மறதியா? வாராவாரம் தொலைபேசியில் பேசியும் தனக்கு அது தெரியாமல் போனதா? பைன் மரத்தடியில் சாய்ந்த நிலையில், இதயம் நின்றுபோய்க் கிடந்தவரைக் கண்டது அவருடைய வேட்டைக் கூட்டாளி டுவேன்தான்.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டுவேனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருந்ததா? உண்மையைச் சொல்லுங்க.”

“ஆர்லோவுக்கா? இருபது வருஷம் முன்னாடி நான் சீட்டாட்டத்துல செஞ்ச திருட்டுத்தனத்தை அன்னைக்குக் காலையிலகூடச் சொல்லிக் காட்டினான்.”

“அப்புறம் ஏன் மான் தோட்டா?”

டுவேன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் தள்ளினார். “போன வருஷமும் அதான் கொண்டுவந்தான்.”

“என்னது?”

“கூப்பிடு தூரத்துல ஒரு எல்க் கிடா. கொம்புன்னா அப்படி ஒரு கொம்பு! தூக்கின துப்பாக்கியை இறக்கிட்டான். ‘தப்பான தோட்டாடா, என்ன பண்றது’ன்னான். நானும் நம்பிட்டேன். ஆனா இந்தத் தடவை பார்த்தேன். ரெண்டு பெட்டியையும் கையில வச்சிருந்தான். சிவப்பு முனையைப் பையில போட்டுட்டு மத்ததை அலமாரியிலயே வச்சிட்டான்.”

“சுட மனசு வரலைன்னு சொல்லியிருக்கலாமே?”

“யார்கிட்ட? என்கிட்டயா? சாகுறவரைக்கும் கிண்டல் பண்ணியிருப்பேன்ல.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப மேல போய் என்னதான் செஞ்சாரு?”

“உட்கார்ந்து பார்ப்பான். அவ்வளவுதான்.”

“எந்த இடத்துல?”

டுவேன் காகித மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவினார். உப்புக்குப்பியை நகர்த்தி, “இது மேட்டு முகடு” என்றார். கரண்டிக் காம்பால் ஓடையைக் கீறினார். “காலையில எல்க் கூட்டம் இப்படித்தான் இறங்கி வரும், குட்டிங்களோட.” ரோண்டா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவர் தன் தட்டிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து, ஓடைக்குச் சற்று மேலே வைத்தார்.

தட்டுகளை எடுக்க வந்த பெண்மணி மேசையைப் பார்த்தாள். எதையும் தொடாமல் அடுத்த மேசைக்குப் போனாள்.